வரவு யாருக்கு?

போன ஆடி அமாவாசைக்கு நாலு நாள் இருக்கையில், கீரிமலையில் இயங்கும் ஒரு சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். உயர்தர வகுப்பில் என்னிடம் கணக்கீடு படித்தவர். கேணியடிப் பாதையில் அமாவாசைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டிச் சங்கத்தின் ஒற்றை அறைக்குள் நுழைந்தபோது, மேசையில் காசுப் பெட்டி திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் மடிக்கணனி.

“சேர், பெட்டிக்குள்ள 38,450 ரூபா கிடக்கு. மூண்டு தரம் எண்ணிட்டன். கணனியிலயும் அதே 38,450தான் நிக்குது. ஆனால் முன்னுக்கு ஒரு கழித்தல் நிக்குது.”

திரையைப் பார்த்தேன். காசுக் கணக்கின் மீதி சிவப்பு எழுத்தில் இருந்தது. அங்கத்தவரின் சேமிப்புகள் எல்லாம் சங்கத்துக்கு அவர்கள் தரவேண்டிய தொகையாகக் கிடந்தன. சங்கம் கொடுத்த கடன்கள் சங்கம் பட்ட கடன்களாக நின்றன. காலாண்டுக்கு வந்த வட்டி வருமானம் அப்படியே நட்டமாகியிருந்தது. ஒரு சதமும் பிசகவில்லை. பரீட்சை மீதி இரண்டு பக்கமும் சமப்பட்டிருந்தது. மூன்று மாதக் கணக்கும் கண்ணாடியில் தெரியும் முகம்போல இடம்வலம் மாறி நின்றது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர் சென்னையில் வேலைசெய்யும் உறவுக்காரப் பொடியன். சங்கத்தில் எல்லாரும் வாசிக்கட்டும் என்று திரையைத் தமிழுக்கு மாற்றியும் கொடுத்திருக்கிறார். பதிவுத் திரையில் இரண்டு பத்திகள். இடப்பக்கத் தலைப்பு ‘பற்று’. வலப்பக்கத் தலைப்பு ‘வரவு’.

“வரவு எண்ட இடத்தில வந்த காசைப் போட்டனான். பற்று எண்டால் மேலதிகப்பற்றில வாற பற்றுத்தானே, எடுத்த காசு எண்டு நினைச்சன். பிழையோ சேர்?”

அவர் செய்ததில் பிழை இல்லை. நான் கற்பித்த தமிழில் அவர் சரியாகவே பதிந்திருக்கிறார். இலங்கைப் பாடநூலில் இடப்பக்கத்துக்குப் பெயர் ‘வரவு’, வலப்பக்கத்துக்குப் பெயர் ‘செலவு’. தமிழ்நாட்டுப் பாடநூலில் இடப்பக்கம் ‘பற்று’, வலப்பக்கம் ‘வரவு’. ஆங்கிலத்தில் டெபிட் எனப்படுவதை யாழ்ப்பாணத்து மாணவன் வரவு என்கிறான். கிரெடிட் எனப்படுவதை மதுரை மாணவன் வரவு என்கிறான். ஒரே மொழி, ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பக்கம். இரட்டைப் பதிவு முறையில் இதைவிடப் பெரிய சொற்சிக்கலை நான் வேறெந்த மொழியிலும் கண்டதில்லை.

பொருள் விளங்காத சொல் என்றால் ஆள் நின்று கேட்பார். இங்கே சொல் விளங்குகிறது, தன் ஊர்ப் பொருளிலேயே விளங்குகிறது. அதனால் கை தயங்காமல் தட்டச்சு செய்துவிடுகிறது. மென்பொருளும் தடுக்காது. இரட்டைப் பதிவின் ஒரே காவல், இரு பக்கக் கூட்டுத்தொகையும் சமமா என்ற சோதனை. ஒரு பதிவின் ஒரு பாதி மட்டும் பக்கம் மாறினால் கூட்டுத்தொகை இடிக்கும். எல்லாப் பதிவிலும் பக்கம் மாறினால் எதுவும் இடிக்காது. பெட்டியைத் திறந்து காசை எண்ணிப் பார்க்கும் ஒரு பொறுப்பான ஆள் இருந்ததால்தான் இது பிடிபட்டது.

இந்த இரு வழக்குகளில் எது சரி என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஆசிரியத் தொழிலின் முதற் சில ஆண்டுகளில் எங்கள் வழக்கே சரி என்று சண்டை பிடித்தவன்தான். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரு சிறு கொடுக்கல் வாங்கலை எடுத்துப் பார்த்தால் விளங்கும்.

கந்தன் என்று ஒருவர் கடையில் 10,000 ரூபாவுக்குப் பனங்கட்டி கடனாக வாங்குகிறார். பிறகு 4,000 ரூபா கட்டுகிறார். கடைப் பேரேட்டில் கந்தனுக்கு ஒரு பக்கம் உண்டு. யாழ்ப்பாண முறையில் அந்தப் பக்கத்தின் இடப்புறம் 10,000 வரவு, வலப்புறம் 4,000 செலவு. மதுரை முறையில் இடப்புறம் 10,000 பற்று, வலப்புறம் 4,000 வரவு. இலக்கங்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிற்கின்றன. மாறுவது பேசும் வாய். யாழ்ப்பாணப் பேரேட்டில் கந்தனின் கணக்கே தன் வாயால் பேசுகிறது: எனக்குப் பனங்கட்டி வந்தது, என்னிடமிருந்து காசு போனது. மதுரைப் பேரேட்டில் முதலாளி கந்தனைப் பார்த்துப் பேசுகிறார்: அவர் பற்றிக்கொண்டார், அவரிடமிருந்து வந்தது.

இதே பார்வை எல்லாக் கணக்குக்கும் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்துக் காசுக் கணக்கு, வந்த 4,000 ரூபாவைத் தன் வரவு என்கிறது. மதுரையில் காசுப் பெட்டியும் முதலாளிக்கு முன்னால் நிற்கும் இன்னொரு ஆள்தான். அந்தப் பெட்டி 4,000 ரூபாவைப் பற்றிக்கொண்டது. நாளைக்குப் பெட்டியிலிருந்து காசை எடுத்தால், அது பெட்டியிடமிருந்து வந்த வரவு. முதலாளியின் கதிரையிலிருந்து பார்த்தால் அதில் ஒரு முரணும் இல்லை. இரண்டு முறையும் தம்மளவில் ஒழுங்கானவை. வரவு என்று சொன்னதும் ‘யாருக்கு?’ என்று கேட்கவேண்டும். யாழ்ப்பாணம் ‘கணக்குக்கு’ என்று விடை சொல்லும். மதுரை ‘கணக்கு வைத்திருப்பவருக்கு’ என்று சொல்லும்.

தொல்காப்பியர் இதை எப்போதோ தொட்டுவிட்டார் என்பது எனக்குத் தீராத வியப்பு. சொல்லதிகாரத்தின் முதலியலான கிளவியாக்கத்தில் அவர் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் சேர்த்து எடுக்கிறார். வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்கு வந்தது, உனக்கு வந்தது, அவனிடம் சென்றது. கணக்குப் புத்தகத்தை மனதில் வைத்து அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் வரவு என்ற தமிழ்ச் சொல்லுக்குள் பேசுபவர் நிற்கும் இடம் ஏற்கெனவே புதைந்திருக்கிறது என்ற உண்மை அங்கே இருக்கிறது. டெபிட் என்ற ஆங்கிலச் சொல் இன்று அந்தத் தன்மையை வெளிக்காட்டுவதில்லை. அதை வரவு என்று மொழிபெயர்த்த கணமே, ‘எங்கே நின்று பேசுகிறோம்’ என்ற கேள்வியையும் கணக்கேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

கீரிமலைக் கேணிக்கரையில் இதை மாணவருக்குக் காட்டுவது எளிது. சுண்ணக்கற் பாறையின் அடியிலிருந்து நன்னீர் ஊறிக் கேணியில் நிறைந்து, மதிலுக்கு அப்பால் கடலோடு கலக்கிறது. கலக்கும் அந்த வாயில் ஓடுவது ஒரே நீர்தான். கேணிக்கு அது செலவு. கடலுக்கு வரவு. நீரை அளக்கப் போகிறவர் முதலில் எந்தக் கரையில் நிற்கிறார் என்று சொல்லவேண்டும்.

இரண்டு முறைகளும் எந்தெந்தக் கிணற்றிலிருந்து வந்தன? பற்று, வரவு என்ற சோடி கடனுக்குக் கொடுத்து வாங்கிய வணிகரின் பேச்சு. நாட்டுக்கோட்டை நகரத்தார் தென்னிந்தியாவிலும் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடத்திய வட்டித்தொழிலின் பேரேடுகள் ஆளுக்கொரு கணக்காக ஓடியவை. ஆள் என்ன பற்றினார், அவரிடமிருந்து என்ன வந்தது என்பதே அந்தத் தொழிலின் உயிர். கொழும்புச் செட்டியார் தெருவில் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கும் பற்று வரவு அந்நியச் சொல் அல்ல. இன்றும் நாங்கள் காசு கட்டியதற்கு வாங்கும் துண்டு பற்றுச்சீட்டுத்தான். வங்கியில் இருப்பதற்கு மேலாக எடுப்பது மேலதிகப்பற்றுத்தான். காசு வாங்கியவர் பற்றினார் என்று முதற் சொல்லும், வாடிக்கையாளர் பற்றினார் என்று அடுத்த சொல்லும் சொல்கின்றன. ஒரு சொல் உள்ளே வரும் காசையும் மற்றது வெளியே போகும் காசையும் குறிக்க, பொருளாளர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

வரவு, செலவு என்ற சோடி காசேட்டின் பேச்சு. கோயிலானாலும் சங்கமானாலும் வீடானாலும் ஆண்டு முடிவில் வாசிக்கப்படுவது வரவு செலவு அறிக்கை. இலங்கையில் சுதேச மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு விரிந்த 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. யாழ்ப்பாணத்துக்கு இந்த வேலை புதிதல்ல. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான சொற்களையும் ஆக்கியிருந்தார். தமிழ்நாட்டிலும் அதேபோலத் தனிக் குழுக்கள், தனிப் பாடநூல்கள். இருகரையிலும் அறிவாளிகள் உழைத்தார்கள். உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுமேசை இருக்கவில்லை. பாக்குநீரிணையின் இருபுறமும் இரண்டு கணக்கியல் தமிழ் வளர்ந்தது.

வரவு மட்டுமல்ல, இப்படி எதிரும் புதிருமாய் நிற்கும் சொற்கள் இன்னும் பல. சங்கத்தின் மென்பொருளில் இரண்டு மணி நேரம் உலாவியபோது எதிர்ப்பட்டவற்றைச் சொல்கிறேன். ‘இருப்பாய்வு’ என்றொரு அறிக்கை இருந்தது. பொருளாளர் அதைத் திறக்கவே இல்லை. “எங்களிட்டச் சாமான் இருப்பு இல்லைத்தானே சேர்” என்றார். எங்களுக்கு இருப்பு என்றால் களஞ்சியத்தில் கிடக்கும் சரக்கு. கணக்கில் மிஞ்சுவது மீதி. தமிழ்நாட்டில் கணக்கில் மிஞ்சுவதும் இருப்பு. இருப்பாய்வு என்பது எங்கள் பரீட்சை மீதி. மூன்று மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த அறிக்கை அதுதான். மறுபக்கம் நின்று யோசித்தால், ‘பரீட்சை மீதி’ என்ற எங்கள் சொல்லைச் சென்னை மாணவன் பரீட்சையில் மிஞ்சியது ஏதோ என்றுதான் படிப்பான்.

‘நிதிநிலை அறிக்கை’ இன்னொன்று. தமிழ்நாட்டு அரசின் பட்ஜெட்டுக்கும் அந்தப் பெயர், நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குகளுக்கும் அந்தப் பெயர். இலங்கையில் பட்ஜெட் என்பது வரவு செலவுத் திட்டம். நிதிநிலைமைக் கூற்று என்பது முன்பு ஐந்தொகை என்று நாங்கள் படித்தது. சர்வதேசத் தராதரங்களோடு ஒன்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமங்கள் 2012 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது ஐந்தொகை பாடநூலிலிருந்து மெல்ல இறங்கிப்போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஐந்தொகை நகரத்தாரின் பேரேடுகளிலும் வழங்கிய சொல். இரு கரைக்கும் பொதுவாக மிஞ்சியிருந்த ஒரு பழஞ்சொல்லை, இருவருக்கும் பொதுவில்லாத ஒரு மொழிபெயர்ப்புக்காக விட்டுக்கொடுத்தோம். அதே மாற்றத்தில் கடன்பட்டோர் வருமதிகளாகவும், கடன்கொடுத்தோர் சென்மதிகளாகவும் ஆனார்கள். வருமதி, சென்மதி நல்ல சொற்கள். காதால் கேட்டாலே எது நம்மை நோக்கி, எது நம்மை விட்டு என்று புரிகிறது.

‘தணிக்கைப் பதிவு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்று காட்டும் பட்டியல். எங்கள் ஊரில் கணக்கைச் சோதிப்பது கணக்காய்வு. தணிக்கை என்றால் போர்க்காலத்தில் பத்திரிகைப் பக்கங்களில் வெட்டப்பட்ட செய்தி. அந்தப் பொத்தானைச் சங்கத்தில் ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் என்னை வருத்தியது வேறொன்று. இந்த மென்பொருளுக்கு முன் இதே சங்கம் வேறொன்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அதன் தமிழ் எந்த ஊர்த் தமிழும் அல்ல, இயந்திரத் தமிழ். அதில் கிரெடிட் என்ற சொல் வந்த இடமெல்லாம் ‘கடன்’ என்று மாறியிருந்தது. சேமிப்புக் கணக்கில் ஓர் அங்கத்தவருக்கு 25,000 ரூபா சேர்ந்திருந்தால் அச்சிட்ட துண்டில் ‘கடன் மீதி 25,000’ என்று வரும். ஓர் ஆச்சி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் ஒரு சதமும் கடன் எடுக்கேல்லையே பிள்ளை” என்று வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாராம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்து, ஊரூராய் அலைந்து, காணி விடுபட்டதும் திரும்பி வந்து குடியேறியவர்களின் சங்கம் இது. பழைய சங்கத்தின் பேரேடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கணனியில் ஏற்றினால் இனி எங்கே ஓடவேண்டி வந்தாலும் கணக்கு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் மென்பொருளைத் தேடினார்கள். அப்படிப்பட்ட ஒரு கிழவியின் சேமிப்பைக் கடன் என்று அச்சிட்டுக் கொடுப்பதை வெறும் மொழிபெயர்ப்புப் பிழை என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

தமிழுக்கு மட்டும் வந்த இடர் அல்ல இது. மூலச் சொற்களே ஆளை மையமாகக் கொண்டவை. லூக்கா பச்சியோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட கணித நூலில் வணிகர் கணக்கு வைக்கும் முறையை விளக்குகிறார். அந்த இத்தாலியப் பேரேட்டில் இடப்பக்கம் ‘தரவேண்டும்’, வலப்பக்கம் ‘பெறவேண்டும்’ என்ற பொருளில் அமைந்தது. யார் தரவேண்டும்? கணக்குக்குரிய ஆள். முதலாளியின் கதிரையிலிருந்து பேசும் அதே பற்று வரவுப் பார்வைதான். ஜேர்மன் மொழியில் இடப்பக்கத்துக்குக் ‘கடமைப்பட்டது’ என்ற பொருளும் வலப்பக்கத்துக்கு ‘உடையது’ என்ற பொருளும் இன்றும் வழங்குகின்றன. சிங்களத்தில் ஹர, பெர என்கிறார்கள். வருமானத்துக்கும் செலவுக்கும் வேறு சொற்கள் இருப்பதால், எங்கள் பிள்ளைகள் படும் பாடு சிங்களப் பிள்ளைகளுக்கு இல்லை.

அந்தப் பாட்டையும் சொல்லவேண்டும். எங்கள் முறையில் செலவு என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வலப்பக்கமும் செலவு, சம்பளம் வாடகை போன்றவையும் செலவு. சம்பளம் கொடுத்தால் சம்பளச் செலவுக் கணக்கை வரவு வைக்கவேண்டும். ‘செலவு கூடினால் வரவு’ என்று கரும்பலகையில் எழுதும்போது, முதல் வாரத்தில் வகுப்பே பேயறைந்ததுபோல் இருக்கும். தமிழ்நாட்டு ஆசிரியருக்கும் இதே நாள் உண்டு. ‘உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை’ என்று அவர் எழுதவேண்டும். வெளியே போவது எப்படி வரவாகும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பிள்ளைக்கு ‘பேசுபவர் யார்’ என்பதை விளக்காமல், விதியை மனனம் பண்ணு என்று இருத்திவிட்டால் பரீட்சையில் சித்தி கிடைக்கும், மென்பொருளின் முன்னால் கை நடுங்கும். நானே பல ஆண்டுகள் அப்படித்தான் இருத்தினேன்.

வங்கித் துண்டு இந்தச் சிக்கலை இன்னும் முறுக்குகிறது. வங்கி அனுப்பும் கூற்று வங்கியின் ஏடு. உங்கள் காசு வங்கிக்குக் கடமை. ஆகவே நீங்கள் கட்டிய காசு அங்கே வலப்பக்கத்தில் விழுகிறது. சங்கத்தின் ஏட்டில் அதே காசு இடப்பக்கம். இரண்டையும் இணைக்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தயாரிக்கும்போது, இலங்கை மாணவன் தன் வரவை வங்கியின் செலவோடு ஒப்பிடவேண்டும். இங்கே எங்கள் அன்றாட வழக்கு ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. அரசாங்கக் கொடுப்பனவு கணக்கில் ‘வைப்பிலிடப்பட்டது’ என்று செய்தி போடுவார்கள். வைப்பிலிடுதலுக்கு இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் அது சொல்லிவிடுகிறது.

மென்பொருள் ஆக்கியவர்களும் இதை உணராமல் இல்லை. 1998இல் வெளிவந்த குனுகேஷ் என்ற கட்டற்ற மென்பொருள், டெபிட், கிரெடிட் என்ற சொற்களைத் தானாகக் காட்டாது. கணக்கின் வகையைப் பார்த்துத் தலைப்பை மாற்றும். வங்கிக் கணக்கைத் திறந்தால் வைப்பு, மீளப்பெறல் என்ற பொருளில் வரும். காசுக் கணக்கில் பெற்றது, செலவழித்தது. சொத்துக் கணக்கில் கூடியது, குறைந்தது. முறையான சொற்களே வேண்டும் என்பவர் அமைப்பில் ஒரு குறியிட்டு அவற்றை வரவழைக்கலாம். கணக்கீடு படிக்காத பொருளாளருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் ஒரே பத்திக்குப் பத்துப் பெயர் இருப்பதால், ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குத் தாவும்போது பக்கம் குழம்பும் என்ற குறையையும் நான் கண்டிருக்கிறேன்.

1986இல் தொடங்கி இந்தியாவெங்கும் பரவிய டாலி வேறு வழியில் போனது. அதன் பதிவுத் திரை நெடுங்காலம் இடப்பக்கத்துக்குப் ‘பை’ என்றும் வலப்பக்கத்துக்கு ‘டு’ என்றும் குறியிட்டது. பச்சியோலி காலத்து நாளேட்டில் இடப்பக்கத்துக்குப் ‘பெர்’, வலப்பக்கத்துக்கு ‘ஆ’ என்று எழுதிய மரபை அது நினைவூட்டுகிறது. ஆங்கிலேயர் எங்களுக்குக் கற்பித்த பேரேட்டில் முறை நேர்மாறு. இடப்பக்கப் பதிவுகளை ‘டு’ என்றும், வலப்பக்கப் பதிவுகளைப் ‘பை’ என்றும் தொடங்கவேண்டும். பழைய முறையில் பேரேடு எழுதிக் கைபழகியவர்கள் டாலியின் முன்னால் தடுமாறியதற்கு வயதைக் காரணம் சொன்னவர்கள் உண்டு. காரணம் வயதில்லை. ஒரே இரண்டு சிறுசொற்கள் இரு மரபில் இடம் மாறி நின்றன. விரும்பினால் டெபிட், கிரெடிட் என்று மாற்றிக்கொள்ளும் வசதியை டாலி வைத்தது நல்ல காரியம். நமது வரவுக்கும் வேண்டியது அப்படி ஒரு வசதிதான்.

தொழில்நுட்ப அளவில் அது கடினமானதல்ல. கணனி உலகில் மொழிக்கு ஒரு குறியீடும், அதோடு நாட்டுக்கு ஒரு குறியீடும் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. யுனிகோட் அமைப்பு பேணும் வட்டாரத் தரவுத்தொகுதியில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று நான்கும் தனித்தனியே இருக்கின்றன. இலங்கைத் தமிழுக்கு அங்கே 24 மணி நேரக் கடிகாரம்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. நேரத்தை எப்படி எழுதுவோம் என்று யாரோ அக்கறையோடு பதிந்திருக்கிறார்கள். கணக்குச் சொற்களுக்கு அந்த அக்கறை இன்னும் வரவில்லை. மென்பொருள்களோடு வரும் தமிழ்க் கோப்பு பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதை மொழிபெயர்ப்பவர் எந்தக் கரையைச் சேர்ந்தவரோ அந்தக் கரையின் தமிழே எல்லாருக்கும் போய்ச் சேருகிறது. எழுபது எண்பது சொற்களை மாற்றிய ஓர் இலங்கைக் கோப்பு கூடவே இருந்தால் போதும். மற்ற ஆயிரக்கணக்கான வரிகளில் நாம் ஒரே தமிழைத்தான் எழுதுகிறோம்.

இரு நாட்டாரும் கூடி ஒரே சொல்லை வரையறுத்துவிட்டால் என்ன என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க நல்லாயிருக்கிறது. இங்குள்ள கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றின் கணக்கையும் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கவேண்டும். அதற்குப் போகும் அறிக்கை வரவு செலவில்தான் இருக்கவேண்டும். பாடநூல், வினாத்தாள், சுற்றறிக்கை என்று இரண்டு தலைமுறை இந்தச் சொற்களில் ஊறியிருக்கிறது. அந்தப் பக்கமும் அப்படித்தான், எங்களைவிடப் பன்மடங்கு பேர். பழகிய கையை மாற்றச் சொல்வதால் வரும் பிழைகளை எண்ணிப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டையும் அறிந்துகொள்வதே பாதுகாப்பான வழி. ஒரு கரையின் பாடநூலில் மற்றக் கரையின் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், இன்று சென்னையிலும் ரொறன்ரோவிலும் வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு அது உடனடியாக உதவும்.

சங்கத்துக் கணக்கைத் திருத்த அன்று மாலை வரை இருந்தோம். ஒவ்வொரு பதிவையும் திருப்பி எழுதத் தேவைப்படவில்லை. மூன்று மாதப் பதிவுகளையும் ஒரு விரிதாளாக வெளியே எடுத்தோம். இரண்டு பத்திகளின் தலைப்பை மட்டும் இடம் மாற்றிவிட்டு மீண்டும் உள்ளே ஏற்றினோம். காசுக் கணக்கு கறுப்பெழுத்தில் 38,450 என்று எழுந்து நின்றது. பொருளாளர் நம்பாமல் பெட்டிக் காசை நாலாவது தரமும் எண்ணினார்.

பிறகு ஒரு கடதாசித் துண்டில் பேனையால் எழுதித் திரையின் மேல்விளிம்பில் ஒட்டினார். இடப்பக்கம் ‘பற்று - எங்கட வரவு’. வலப்பக்கம் ‘வரவு - எங்கட செலவு’. ஒட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தவர், திரும்பி வந்து முதல் வரியில் ‘எங்கட’ என்பதை வெட்டிவிட்டு, அதற்கு மேல் ‘கணக்குக்கு’ என்று எழுதினார். இரண்டாவது வரியிலும் அப்படியே.